ஆப்பிரிக்கன் குயின்: காட்டில் பாதி, தொட்டியில் பாதி. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1951-இல் வெளிவந்த 'தி ஆப்பிரிக்கன் குயின்' படத்தை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால், முடிந்ததும் அநேகமாக ஒரே மாதிரியான கேள்விகள்தான் வரும். நிஜமாகவே ஆப்பிரிக்காவுக்குப் போனார்களா? உடம்பில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் அந்த அட்டை நிஜமா? படகு இப்போது எங்கே இருக்கிறது? பலமுறை வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். படம் பார்க்காதவர்கள் கவனிக்க: கதையின் முடிவும் கீழே வருகிறது.

படத்தைப் பார்த்ததில்லை. கதை என்ன?

1914, முதல் உலகப் போர் தொடங்கிய நேரம். ஜெர்மன் வசம் இருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆங்கிலேய மதபோதகர் ஒருவரும் அவர் தங்கை ரோஸும் ஒரு கிராமத்தில் மிஷன் நடத்துகிறார்கள். ஜெர்மன் படை வந்து கிராமத்தைக் கொளுத்திவிட்டுப் போகிறது. அந்த அதிர்ச்சியில் அண்ணன் நோயுற்று இறந்துவிடுகிறார். தபாலும் சாமானும் கொண்டுவரும் சார்லி ஆல்நட் தன் பழைய நீராவிப் படகில் ரோஸை ஏற்றிக்கொள்கிறான். படகின் பெயர்தான் ஆப்பிரிக்கன் குயின். ஆற்றோடு இறங்கிப் போய், ஏரியில் காவல் காக்கும் ஜெர்மன் கப்பல் லூயிசாவை வெடிவைத்துத் தகர்க்கலாம் என்கிறாள் ரோஸ். ஆக்சிஜன் சிலிண்டரும் வெடிமருந்தும் இருக்கிறதே, அதில் டார்பிடோ செய்தால் என்ன என்று கேட்கிறாள்.

இரண்டு நடுவயதுக்காரர்கள், ஒரு படகு, ஓர் ஆறு. படத்தின் பெரும்பகுதியில் வேறு யாருமே இல்லை. இயக்கம் ஜான் ஹூஸ்டன். சார்லியாக ஹம்ஃப்ரி போகார்ட், ரோஸாக கேத்தரின் ஹெப்பர்ன்.

நாவல் வந்தது 1935-இல். படமாக ஏன் இத்தனை வருஷம்?

சி. எஸ். ஃபாரஸ்டர் எழுதிய நாவல். அதன் உரிமை ஹாலிவுட்டில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. சார்லஸ் லாட்டனும் எல்சா லாஞ்செஸ்டரும் நடிப்பதாக ஒரு சமயம் பேச்சு, பெட்டி டேவிஸ் நடிப்பதாக இன்னொரு சமயம். எதுவும் நடக்கவில்லை. வயதான ஒருவனும் கல்யாணமாகாத பெண்ணும் படகில் போகிற கதையை யார் பார்ப்பார்கள் என்ற தயக்கம் இருந்திருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருவர் சேர்ந்து பயணம் செய்வது அன்றைய தணிக்கை விதிகளுக்கும் உறுத்தல்தான்.

கடைசியில் தயாரிப்பாளர் சாம் ஸ்பீகலும் ஹூஸ்டனும் உரிமையைப் பிடித்தார்கள். படத்தின் தொடக்கத்தில் 'எஸ். பி. ஈகிள்' என்று ஒரு பெயர் வரும், கவனித்தீர்களா? அது ஸ்பீகல்தான், தன் பெயரையே உடைத்து வைத்துக்கொண்டார். பிரிட்டிஷ் பக்கத்துச் செலவை லண்டனின் ரோமுலஸ் கம்பெனி ஏற்றது.

திரைக்கதை யாருடையது?

ஜேம்ஸ் ஏஜி, ஹூஸ்டன் என்று இரண்டு பெயர்கள் திரையில் வரும். ஏஜி அமெரிக்காவின் முக்கியமான திரை விமர்சகர். ஹூஸ்டனோடு கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே 1951 ஜனவரியில் அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது. ஆப்பிரிக்காவுக்கு அவரால் வர முடியவில்லை. மிச்சத்தை முடிக்க பீட்டர் வியர்ட்டெல் வந்தார். அவர் பெயர் திரையில் இல்லை.

நாவலிலிருந்து மிகவும் மாறியது முடிவுதான். நாவலில் படகு புயலில் மூழ்கிவிடும். லூயிசாவை வீழ்த்துவது பிரிட்டிஷ் கடற்படை. சார்லியும் ரோஸும் அத்தனை தூரம் பட்ட பாடு ஒன்றுக்கும் ஆகாமல் போகும். படத்தில் மூழ்கிக் கவிழ்ந்து மிதக்கும் அதே படகில் லூயிசா வந்து மோதி வெடிக்கிறது. எனக்குப் படத்தின் முடிவுதான் நியாயமாகப் படுகிறது. அந்தப் பெண்ணின் பிடிவாதத்துக்கு அவ்வளவாவது கிடைக்க வேண்டும்.

நாவலில் சார்லி காக்னி, அதாவது லண்டன் கிழக்குப் பகுதி உழைப்பாளிகளின் பேச்சு பேசுகிற ஆள். போகார்ட்டுக்கு அந்தப் பேச்சுவழக்கு வரவில்லை. அதனால் சார்லியைக் கனடாக்காரன் ஆக்கிவிட்டார்கள்.

நிஜமாகவே ஆப்பிரிக்காவில் எடுத்ததா?

ஆமாம். ஆனால் முழுவதும் அங்கே இல்லை. இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

அதுவரை பெரும்பாலான ஹாலிவுட் 'ஆப்பிரிக்கா' படங்கள் கலிஃபோர்னியாவில் வளர்ந்தவை. செட்டுக் காடு, இடையிடையே எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய சிங்கம். 1950-இல் எம்ஜிஎம் கம்பெனி 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' படத்துக்காகக் கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா (இன்றைய தான்சானியா), காங்கோ என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தப் படம் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியது. சரி, இனி அங்கேயே போய் எடுக்கலாம் என்ற துணிச்சல் பலருக்கு வந்த காலம் அது. அப்புறம் ஹூஸ்டனுக்குத் தனிக் காரணம் ஒன்றும் இருந்தது: யானை வேட்டை. அதற்குக் கீழே வருகிறேன்.

எந்த இடங்கள்?

இரண்டு நாடுகள். முதலில் அன்றைய பெல்ஜியன் காங்கோ. போந்தியேவில் ஊருக்குப் பக்கத்தில் ருயிக்கி என்றொரு சிறிய ஆறு. அதன் கரையில் பியோண்டோ என்ற இடத்தில் முகாம். இலை தழை அழுகிய சாறு கலந்து அந்தத் தண்ணீர் கறுப்பாக ஓடும். படத்தில் படகு போகும் நெருக்கமான, இருண்ட ஆற்றுக்காட்சிகள் பலவும் அங்கே எடுத்தவை.

இன்றைய வரைபடத்தில் போந்தியேவிலின் பெயர் உபுண்டு. ஸ்டான்லிவில் என்றிருந்த நகரம் இப்போது கிசங்கானி. இரண்டுக்கும் நடுவே அருவிகள் இருப்பதால் படகு போகாது. சுமார் 125 கிலோமீட்டருக்கு ரயில்பாதை போட்டிருந்தார்கள். ஸ்டான்லிவில் வரை வந்து, அங்கிருந்து ரயில், அப்புறம் காட்டு வழி. சாமான்கள் அத்தனையும் இப்படித்தான் வந்து சேர்ந்தன.

அடுத்தது உகாண்டா. மர்ச்சிசன் அருவியும் ஆல்பர்ட் ஏரியும். நைல் நதி முழுவதும் சுமார் 7 மீட்டர் அகலமுள்ள பாறை இடுக்கில் நெருக்கப்பட்டு, 43 மீட்டர் கீழே விழும் இடம் அது. முதலையும் நீர்யானையும் நிறைந்த பகுதி. ஏரிக்கரையில் புட்டியாபா என்ற ஊரில் மிஷன் கிராமத்தைச் செட்டாகக் கட்டி, ஜெர்மானியர் கொளுத்தும் காட்சிக்காக அதை நிஜமாகவே எரித்தார்கள்.

இந்த இரண்டு இடங்களுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. படம் எடுத்து மூன்று வருஷம் கூட முடியாத நிலையில், 1954 ஜனவரியில், எழுத்தாளர் ஹெமிங்வே போன விமானம் மர்ச்சிசன் அருவிக்குப் பக்கத்தில் விழுந்தது. தப்பியவரைப் படகில் புட்டியாபாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஏற்றிய இரண்டாவது விமானமும் தீப்பிடித்தது.

படகுக்குள் கேமராவை எப்படி வைத்தார்கள்? அது அவ்வளவு சின்னப் படகாயிற்றே?

வைக்க முடியாது, அதுதான் சிக்கல். படகின் நீளம் 30 அடி. நடுவில் கொதிகலன். வண்ணப்படம் எடுக்கும் அன்றைய டெக்னிகலர் கேமராவோ சாதாரண கேமரா இல்லை. உள்ளே ஒரு பட்டகம் ஒளியைப் பிரித்துக் கொடுக்க, மூன்று நெகட்டிவ் சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடும். சத்தம் வெளியே வராமலிருக்க மேலே ஓர் உறை. அதை நகர்த்தவே பல ஆட்கள் வேண்டும். வெளிச்சமும் அதற்கு ஏராளமாகத் தேவை. மரங்கள் கவிந்த இருட்டு ஆற்றில் அந்த வெளிச்சத்துக்கு எங்கே போவது? விளக்கும் ஜெனரேட்டரும் கூடவே மிதந்து வர வேண்டும்.

அதனால் தெப்பங்கள் கட்டினார்கள். ஒரு தெப்பத்தில் படகின் நடுப்பகுதியைப் போலவே ஒரு மாதிரி. நெருக்கக் காட்சிகள் அதில். கேமராவுக்கும் விளக்குகளுக்கும் ஒரு தெப்பம். ஜெனரேட்டருக்குத் தனியாக ஒன்று. ஹெப்பர்னின் ஒப்பனை அறைக்கு ஒன்று, அதில் ஆளுயரக் கண்ணாடி. எல்லாவற்றையும் சங்கிலிபோலக் கோத்து ஒரு மோட்டார் படகு இழுக்கும். ஆறு வளையும் இடத்தில் இந்த வரிசை வளையாது. கரையில் முட்டும், கிளைகளில் சிக்கும். கடைசியில் ஒப்பனைத் தெப்பத்தைக் கழற்றி விட்டார்கள். ஹெப்பர்ன் காட்டுக்குள்ளேயே சமாளித்துக்கொண்டார்.

ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப். சில வருஷங்களுக்கு முன் 'பிளாக் நார்சிசஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். இமயமலையில் நடக்கும் அந்தக் கதையை இந்தியப் பக்கமே வராமல் முழுக்க இங்கிலாந்தில் எடுத்தார்கள்! பொய் மலையை நிஜம்போலக் காட்டிய அதே மனிதர், இங்கே நிஜக் காட்டில் நாலு விளக்கோடு போராடினார். எது கடினமான வேலை என்று என்னைக் கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன். எடுத்த சுருளை லண்டனுக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். எடுத்தது சரியாக வந்ததா என்று அன்றைக்கே பார்க்க வழியில்லை.

படகு நிஜமாகவே மூழ்கியதாமே?

மூழ்கியது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆப்பிரிக்கன் குயின் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. கயிறு கட்டி ஆட்களைக் கொண்டு இழுத்துத் தூக்கி, ஓட்டையடைத்து, மறுபடி ஓடவைத்தார்கள். சில நாட்கள் வேலை நின்றது.

இதை ஒட்டி ஒரு கதையைப் படக்குழுவினர் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: படகைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன உள்ளூர் ஆட்கள், அது மூழ்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. படகைத் தூக்கிக் கொடுத்ததும் அதே ஆட்கள்தானே.

எல்லாருக்கும் உடம்பு கெட்டது, போகார்ட்டுக்கும் ஹூஸ்டனுக்கும் மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையா?

உண்மைதான். குழுவில் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் மாறி மாறி வந்தன. வயிற்றைக் கெடுத்தது குடிதண்ணீர். போகார்ட்டும் ஹூஸ்டனும் தண்ணீரைத் தொடவே இல்லை, விஸ்கிதான். தகர டப்பாவில் வந்த பீன்ஸும் அஸ்பாரகஸும்தான் தன் சாப்பாடு, தன்னையும் ஹூஸ்டனையும் கடித்த ஈ அங்கேயே செத்து விழுந்தது என்று போகார்ட் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெப்பர்ன் அவர்கள் குடிப்பதைப் பார்த்து எரிச்சல்பட்டு, அவர்களுக்கு எதிரே வேண்டுமென்றே தண்ணீராகக் குடித்தார். விளைவு, குழுவிலேயே மோசமாகப் படுத்தவர்களில் அவரும் ஒருவர். படத்தில் ரோஸ், சார்லியின் ஜின் பாட்டில்களை ஒவ்வொன்றாக ஆற்றில் கவிழ்ப்பாளே, அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நடிகை லாரன் பக்கால் நடிக்க வரவில்லை, கணவர் போகார்ட்டோடு வந்தார். சமையலைப் பார்த்துக்கொண்டதும் நோயாளிகளைக் கவனித்ததும் அவர்தான். பியோண்டோ முகாமுக்குள் படையெறும்புகள் புகுந்த இரவும் உண்டு. போகார்ட்டுக்கு அந்த நாட்கள் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஹெப்பர்னுக்கோ, அத்தனை நோயிலும், ஆப்பிரிக்கா பிடித்துப்போனது. 1987-இல் இந்தப் படப்பிடிப்பைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதினார். என் புத்தியே பேதலிக்கப் பார்த்தது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

ஹூஸ்டன் யானை வேட்டையில் இருந்தாரா, படம் எடுத்தாரா?

இரண்டும் செய்தார், குழுவைப் பெரிதும் சோதித்தார். ஒரு யானையைச் சுட வேண்டும் என்ற வெறி அவருக்கு இருந்தது. ஹெப்பர்னையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். ஆனால் யானை எதையும் தான் கொன்றதில்லை என்று பின்னாளில் எழுதினார். உடனிருந்து பார்த்த வியர்ட்டெல் இதையே கருவாக்கி 1953-இல் ஒரு நாவல் எழுதினார். 1990-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைப் படமாக்கி, அந்த இயக்குநர் வேடத்தில் தானே நடித்தார்.

ஆனால் இயக்குநராக அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் நாட்களில் ஹெப்பர்ன் ரோஸை மிகவும் இறுக்கமாக, முகம் சுளித்தபடி நடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலையில் ஹூஸ்டன் அவர் குடிசைக்குப் போனார். காயம்பட்ட சிப்பாய்களை மருத்துவமனையில் பார்க்கப் போகும் எலினார் ரூஸ்வெல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சிரிப்பை ரோஸுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எலினார், அமெரிக்க அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டின் மனைவி. தன் அழகைப் பற்றிக் கவலைப்படாமல், எதிரே இருப்பவருக்குத் தெம்பு கொடுக்கச் சிரிக்கும் முகம். தனக்கு யாரும் தந்த அறிவுரைகளில் இதுவே சிறந்தது என்று ஹெப்பர்ன் எழுதியிருக்கிறார். படம் முழுவதும் அந்தச் சிரிப்பு இருக்கிறது. அது வந்த பிறகுதான் ரோஸ் பயப்படாதவள் என்பதை நாம் நம்புகிறோம்.

சரி, எவையெல்லாம் லண்டனில் எடுத்தவை?

நடிகர்கள் தண்ணீருக்குள் இறங்கும் காட்சிகள். ஆப்பிரிக்க ஆற்றில் முதலை ஒரு பக்கம், தண்ணீர் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய் இன்னொரு பக்கம். அதனால் லண்டனுக்குத் திரும்பி ஐல்வொர்த் ஸ்டுடியோவில் தொட்டி கட்டி எடுத்தார்கள். பிரம்மாண்டமான நீர்ச்சுழலில் படகு தூக்கியடிக்கப்படும் இடங்களில் பொம்மைப் படகும், நடிகர்களுக்குப் பின்னால் திரையில் ஓடவிட்ட ஆற்றுப் படமும் உண்டு. இன்றைய கண்ணுக்கு அவை சட்டென்று தெரிந்துவிடும். ஜெர்மன் கப்பல் அதிகாரிகள் வரும் காட்சிகளும் இங்கிலாந்தில்தான். அவர்களில் ஒருவரான தியடோர் பிக்கெலுக்கு அது முதல் படம்.

சார்லியின் உடம்பில் அட்டைகள் ஒட்டி அவன் நடுங்கும் காட்சியும் தொட்டியில்தான். ஹூஸ்டன் நிஜ அட்டை வேண்டும் என்றார். போகார்ட் முடியவே முடியாது என்றார். அட்டை வளர்ப்பவர் ஒருவரை வரவழைத்தும் போகார்ட் அசையவில்லை. அவர் உடம்பில் ஒட்டியவை ரப்பர் அட்டைகள். நெருக்கத்தில் தெரியும் நிஜ அட்டை, அதைக் கொண்டுவந்தவரின் மார்பில் ஒட்டியது. அந்த நடுக்கத்தில் நடிப்பு எவ்வளவு, நிஜ அருவருப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

'அப்படியானால் ஏமாற்றுத்தானே' என்று சிலர் கேட்பதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தொட்டிக்குள் நிற்கும்போது அந்த நடிகர்களின் உடம்பில் பல வாரத்துக் காங்கோ வெயிலும் காய்ச்சலும் ஏறியிருந்தன. ஸ்டுடியோவிலேயே தொடங்கி முடித்திருந்தால் அந்தக் களைப்பு முகத்தில் வந்திருக்காது.

லூயிசா கப்பல் நிஜமா?

பெயர் கற்பனை. ஆனால் பின்னால் ஒரு நிஜச் சம்பவம் இருக்கிறது. தாங்கனிக்கா ஏரி ஜெர்மன் கப்பல்களின் ஆதிக்கத்தில் இருந்தது. 1915-இல் பிரிட்டிஷார் மிமி, டூட்டூ என்ற இரண்டு சிறிய மோட்டார் படகுகளைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரயிலிலும் காட்டுப்பாதையிலும் இழுத்துக்கொண்டு வந்து ஏரியில் இறக்கினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் ஒரு ஜெர்மன் கப்பலைப் பிடித்தார்கள், 1916 பிப்ரவரியில் இன்னொன்றை மூழ்கடித்தார்கள். அங்கிருந்த பெரிய கப்பல் கிராஃப் ஃபான் கோட்சன். ஜெர்மனியில் கட்டி, பாகம் பாகமாகப் பிரித்து அனுப்பி, ஏரிக்கரையில் பூட்டியது. 1916-இல் பின்வாங்கும்போது ஜெர்மானியரே அதை மூழ்கடித்தார்கள். எந்திரங்களுக்குக் கிரீஸ் தடவிவிட்டு மூழ்கடித்தார்கள் என்பதுதான் விசேஷம். 1920-களில் பிரிட்டிஷார் அதை மேலே எடுத்து, லியெம்பா என்று பெயர் மாற்றிப் பயணிகள் கப்பலாக ஓட்டினார்கள்.

ஆப்பிரிக்க மக்கள் படத்தில் எங்கே?

என்னை உறுத்தும் கேள்வி இதுதான். தொடக்கத்தில் தேவாலயத்தில் பாடுகிறார்கள், கிராமம் எரியும்போது துரத்தப்படுகிறார்கள். பிறகு ஆற்றங்கரைக் கோட்டையிலிருந்து சுடும் சிப்பாய்களாக வருவதைத் தவிர, கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை. படம் அத்தனை அழகாகக் காட்டும் ஆறு ஆளில்லாத ஆறாக இருக்கிறது. அதன் கரையில் முகாமைக் கட்டியவர்களும், தெப்பங்களைத் தள்ளியவர்களும், மூழ்கிய படகைத் தூக்கியவர்களும் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் பெயர் எதுவும் திரையில் வராது. காங்கோ 1960-இலும் உகாண்டா 1962-இலும் விடுதலை பெற்றன. படம் எடுத்தது காலனி ஆட்சியின் கடைசிப் பத்தாண்டில். படத்தை நேசிக்கிறேன், இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

விருது?

போகார்ட்டுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர். வாழ்நாளில் அவர் வாங்கியது அந்த ஒன்றுதான். அந்த வருஷம் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' படத்துக்காக மார்லன் பிராண்டோவும் போட்டியில் இருந்தார். நடிப்புக்கான மற்ற மூன்று விருதுகளும் அந்தப் படத்துக்கே போயின.

படகு இப்போது எங்கே?

அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் கீ லார்கோவில். 1912-இல் இங்கிலாந்தில் கட்டி, ஆப்பிரிக்காவில் சரக்கும் பயணிகளும் ஏற்றிய படகு. அப்போதைய பெயர் எல். எஸ். லிவிங்ஸ்டன். 2012-இல் மறுபடி பழுதுபார்த்து, பயணிகளை ஏற்றி ஓடவிட்டார்கள். 1948-இல் போகார்ட்டும் ஹூஸ்டனும் 'கீ லார்கோ' என்றே ஒரு படம் செய்திருந்தார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி பார்ப்பதென்றால் எந்தக் காட்சியைப் பார்க்கலாம்?

முதல் காட்சியை. 2010-இல் வந்த புதுப்பித்த பிரதியில் பாருங்கள், பச்சையும் கறுப்பும் தெளிவாக இருக்கும். தேவாலயம், வியர்வை, அண்ணன் பாட்டை நடத்துகிறார், ரோஸ் காலால் மிதித்தபடி ஆர்கன் வாசித்துக்கொண்டே பாடுகிறாள். அண்ணனாக நடித்த ராபர்ட் மோர்லி ஆப்பிரிக்காவுக்கு வரவே இல்லை, அவர் பகுதியை இங்கிலாந்தில் எடுத்தார்கள். ஹெப்பர்னோ உகாண்டாவில், வயிற்றுக்கடுப்பின் உச்சத்தில். கேமராவுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். ஒரு டேக் முடிந்ததும் வாந்தி எடுத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்து பாடினார். அவர் முகத்தை மட்டும் கவனியுங்கள்.